‘வச்சிடவா?’ என்று கேட்ட பிறகுதான் விஷயம் வரும்

காசு கொடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர்களுக்கு ஊரார் குடும்பக் கதையெல்லாம் அத்துப்படி என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஆனால் கம்பியை நம்பாமல் சிங்கப்பூருக்கே நேராகக் கேட்கும்படி கத்துவார்கள். மிச்சத்தை மீட்டர் சொல்லிவிடும். சிவப்பு எண்களில் ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டி பேசுகிறவர் கண்ணிலும் படும், மேசையில் உட்கார்ந்திருக்கும் என் கண்ணிலும் படும். ஒருவர் எப்போது பேச்சை முடிக்க நினைத்தார், எப்போது உண்மையில் முடித்தார், நடுவில் எத்தனை ரூபாய் ஓடியது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

எங்கள் பூத் கூத்தாநல்லூர் பக்கம். தெருவுக்குப் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, சவுதி என்று இருக்கிற ஊர். அப்பாவுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை தந்த காலம் என்பதால் பூத் கிடைத்தது. பகலில் அப்பா, பொழுது சாய்ந்ததும் நான். ராத்திரி ஆக ஆகக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதால் கூட்டமும் அப்போதுதான் வரும். கைபேசி வந்து, 2003-ல் வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றும் ஆன பிறகு பூத் படுத்துவிட்டது. அதன் பிறகு தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். இன்றைக்கும் அதே வேலைதான். காதில் போன் இல்லாமல் நான் சம்பாதித்ததில்லை. அந்த உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில், யார் பேசுவது என்பது. பூத்தில் மீட்டர் ஓடும் பயத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள்: "மாமா, லெட்சுமாங்குடிலேர்ந்து பெரியவன் பேசுறேன், நல்லாருக்கீங்களா?" ஊர், ஆள், உறவு, நலம் எல்லாம் ஒரே மூச்சில். இப்போது பேச்சுக்குக் காசு இல்லை, அதனால் பேரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஹலோ, நான்தான் பேசுறேன், டாக்டர் இருக்காரா?" எந்த நான், எந்த டாக்டர்? தன் பெயர் எதிராளியின் திரையில் தெரியும் என்று பழகிப்போனதால் எல்லோருடைய திரையிலும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனை மாற்றினவர்கள், நம்பர் அழிந்துபோனவர்கள், கண்ணாடி போடாமல் எடுக்கிற வயசானவர்கள் என்று எத்தனையோ பேர் உண்டு. சொந்தத் தங்கைக்கு அழைத்தாலும் "நான் அண்ணன் பேசுறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இதில் எனக்குப் பிடிக்காத விளையாட்டு ஒன்று உண்டு. "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" பத்து வருஷம் கழித்து அழைக்கும் சிநேகிதிக்கு வேண்டுமானால் அது சரி. மற்றவர்கள் செய்தால் நான் நேராகவே கேட்டுவிடுவேன்: "தெரியலைங்க, நீங்களே சொல்லிடுங்க." சங்கடப்பட்டுக்கொண்டு "யாரு, நம்ம குமாரா?" என்று நாமே ஒரு பெயரை எடுத்துக்கொடுத்தால், அந்தப் பக்கம் இருப்பவன் மோசடிக்காரனாக இருந்தால் "ஆமா, குமார்தான்" என்று ஒட்டிக்கொள்வான். பெயரை நாம் தரக்கூடாது, அவர்தான் தர வேண்டும்.

எடுப்பவர்களுக்கும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரி பெயரை முதலில் சொல்லி, பிறகு வணக்கம் சொல்லும்படி எழுதி ஒட்டியிருந்தார்கள். அழைப்பவர்கள் மறுபடி "ஆஸ்பத்திரிங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைன் இணைகிற அந்த முதல் நொடியில் சொல்வது பாதி நேரம் அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லை. அவர்களும் அப்போதுதான் போனைக் காதுக்குக் கொண்டுபோகிறார்கள். வரிசையை மாற்றினோம். முதலில் வணக்கம், பிறகு பெயர். வணக்கம் தொலைந்தால் நஷ்டமில்லை, பெயர் காதில் விழுந்துவிடும். கடை, அலுவலகம் எதுவானாலும் இது பலிக்கும்.

அழைப்பவர் பக்கம் ஒரு யோசனை: ஆஸ்பத்திரிக்கோ, மின்வாரிய அலுவலகத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ பேசும்போது கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். "போன மாசம் எங்க அத்தை பாத்ரூம்ல வழுக்கி..." என்று தொடங்கினால் நாங்கள் அந்த அத்தையைக் கண்டுபிடிப்பதற்குள் வேறு லைன் ஒன்று அடித்து ஓய்ந்திருக்கும். நோயாளி பெயர், ஊர், பார்த்த டாக்டர், கையில் ஓ.பி. சீட்டு இருந்தால் அதன் நம்பர். பிறகு கேள்வி. நாங்களே அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்போம், நிஜமாகவே கேட்போம்.

நேரங்கெட்ட நேரத்து அழைப்பு தனி ரகம். விடிகாலை நாலு மணிக்கு போன் அடித்தால் எந்த வீட்டிலும் நல்லதை நினைத்துக்கொண்டு எடுப்பதில்லை. பூத்துக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும்: "பத்து நிமிஷம் கழிச்சு அடிக்கிறேன், எங்க வீட்ல கூப்பிட்டு வைங்க." நான் பக்கத்து டீக்கடைப் பையனை அனுப்புவேன். அப்படி அழைப்பவர்களில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் ஒன்று சொல்வார்: "போய்ச் சொல்லும்போதே நல்ல சேதிதான்னு சொல்லச் சொல்லுங்கம்மா." மற்ற வீட்டுப் பெண்கள் செருப்புக்கூடப் போடாமல், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடி வருவார்கள். வந்து ரிசீவரைப் பிடிக்கிற கை நடுங்கும். அவருடைய மனைவி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்து வருவார். அந்த ஒரு வார்த்தையை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அகாலத்தில் யாரையாவது அழைக்க நேர்ந்தால் ஹலோவுக்கு அடுத்து நான் சொல்வது: "ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்." விஷயம் அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து உறவினர்களை அழைக்கும்போதும் அப்படித்தான்: "பில் விஷயமாத்தான் கூப்பிட்டேன், பேஷன்ட் நல்லாருக்காங்க." முதலில் பில்லைப் பற்றிச் சொல்வது வியாபாரமாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் விடுகிற மூச்சு எனக்குக் கேட்கும்.

நல்ல சேதி இல்லாதபோது என்ன செய்வது? நம் வழக்கம், "கொஞ்சம் சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வாங்க." எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும், இருந்தும் அந்தச் சொல்லுக்குள் ஒரு பிடிமானம் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் இறப்பை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் லைன் போட்டுக் கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேட்பேன். "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? வண்டி ஓட்டிக்கிட்டு இல்லியே?" இரண்டாவது கேள்வியை எல்லோருமே பழக்கிக்கொள்வது நல்லது. பைக்கில் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு போகிறவனுக்கு, துக்கச் செய்தி என்ன, கல்யாணச் செய்திகூடச் சொல்லக்கூடாது.

அடித்தால் எடுக்கவில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் மணி அடிக்கும் நேரத்தை வரையறுத்தது. கைபேசிக்கு 30 வினாடி, தரைவழி போனுக்கு 60 வினாடி. அதற்குள் எடுக்காவிட்டால் தானாகவே நின்றுவிடும். மூட்டுவலிக்காரர் ஒருவர் கொல்லையிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, சார்ஜில் கிடக்கும் போனை எட்டுவதற்கு 30 வினாடி போதாது. எட்டும்போது நின்றுபோயிருக்கும். திருப்பிக் கூப்பிட எந்தப் பட்டனை அழுத்துவதென்று பார்ப்பதற்குள் பிள்ளை வேலைக்குள் மூழ்கிவிடுவான். ஆகவே வயசானவர்களுக்கு ஒரு தடவை அடித்துவிட்டு, இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். முதல் மணி எழுந்து வர, இரண்டாவது மணி எடுக்க. என் அம்மாவிடம் சொல்லியே வைத்திருக்கிறேன்: "முதல் தடவ ஓடாதே, மெதுவா வந்து உக்காரு, திரும்ப அடிப்பேன்." சின்ன வயசுக்காரர்களிடம் இதே வேலையைச் செய்தால் ஏதோ ஆபத்து என்று பதறுவார்கள். அவர்களுக்கு ஒரு தடவை அடித்து, எடுக்காவிட்டால் ஒரு வரி வாட்ஸப் போதும்.

வாட்ஸப் என்றதும் ஞாபகம் வருகிறது. "பேசலாமா?" என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு அழைப்பது இப்போதைய பிள்ளைகளின் வழக்கம். என் அண்ணன் மகன் தன் தாய்மாமாவுக்கு அப்படி அனுப்ப, அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சொந்த மாமன்கிட்ட பேசறதுக்கு அப்பாயின்மென்டா?" நான் இரண்டு பேர் பக்கமும் பேசுவேன். வேலை விஷயமாக அழைப்பவர்கள், அறிமுகம் குறைந்தவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டு அழைக்கலாம். உறவுக்குள் வேண்டாம். ஆனால் எடுத்ததும் "கை வேலையா இருக்கியா?" என்று கேட்கிற அந்தப் பழைய கேள்வி போதும், அதுவும் அனுமதிதான். வீடியோ அழைப்புக்கு மட்டும் யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைத் திடீரென்று பத்துப் பேருக்குக் காட்டுவது பாசம் ஆகாது. ஸ்பீக்கரில் போட்டாலும் அப்படித்தான், "ஸ்பீக்கர்ல இருக்கு, அம்மாவும் பக்கத்துல இருக்காங்க" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மருமகள் பேச ஆரம்பித்த பிறகு சொல்வதில் பயனில்லை.

இனி, முடிக்கிற விஷயம். எனக்கு முக்கியமானது இதுதான்.

நாம் யாரும் சட்டென்று போனை வைப்பதில்லை. அதற்கு ஒரு நடை இருக்கிறது. "அப்புறம்..." "வேற ஒண்ணுமில்ல." "சரி அப்ப." "ம், சரி." "உடம்பப் பாத்துக்க." "சரி, வச்சிடவா?" "சரி வை." "வச்சிடறேன்." "ம்." இத்தனை படி இறங்கித்தான் தரைக்கு வருவோம். எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். எடுத்ததும் அஸ்ஸலாமு அலைக்கும், முடிக்கும்போதும் ஸலாம். அந்த ஸலாம் சொல்லிவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது, மீட்டரும் நின்றுவிடும். மற்றவர்கள் வாசற்படியிலேயே நிற்பார்கள். மீட்டர் ஓடும்.

ஓடுவது வீண் என்றுதான் அந்த வயசில் நினைத்தேன். வடபாதிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெரியவரைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. சென்னையில் இருக்கும் மகனுக்கு வாரம் ஒரு முறை பேசுவார். சட்டைப் பையில் மடித்த ஒரு துண்டுச் சீட்டில் 044-ல் ஆரம்பிக்கும் நம்பர் இருக்கும். மனப்பாடம்தான், இருந்தாலும் சீட்டைப் பார்த்துத்தான் சுழற்றுவார். அன்றைக்கு மழை, குறுவை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசினார். "சரிப்பா, வச்சிடவா?" என்றார். உடனே வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க, அவசரமில்லேன்னு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மகன் "சரிப்பா" சொன்ன கையோடு வைத்துவிட்டிருக்கிறான். பிரிண்டர் கிர்ரென்று பில்லைத் தள்ளியது. "இன்னொரு தடவ போடட்டுமா தாத்தா?" என்றேன். பில்லைப் பார்த்தார். "வேணாம்மா, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்."

மகன் மீது தப்பில்லை. அவனுக்கு அப்பாவின் காசு கரைகிறதே என்ற கவலை இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு கவனித்துக்கொண்டே வந்தேன். பண முடை, உடம்பில் கட்டி, மாமியாரோடு மனஸ்தாபம், பையன் பரீட்சையில் போனது, இவையெல்லாம் பெரும்பாலும் "வச்சிடவா"வுக்குப் பின்னால்தான் வரும். "ஆங், இன்னொண்ணு" என்றுதான் ஆரம்பிக்கும், அல்லது "ஒண்ணுமில்ல" என்று. கேட்கக் கூச்சப்படுகிற விஷயத்தை முதலில் எடுத்தால் அதற்காகவே அழைத்த மாதிரி ஆகிவிடுமல்லவா? அதனால் கடைசி வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, போகிற போக்கில் சொல்கிற மாதிரி சொல்வது. இம்மானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இப்படி உரையாடல் முடிகிற விதத்தையே 1973-ல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று மொழியியல் படித்த ஒரு நோயாளி எனக்குச் சொன்னார். ஒருவர் "சரி" என்று இழுப்பது, இன்னும் சொல்லாதது ஏதாவது இருந்தால் சொல்ல மற்றவருக்கு இடம்விடுவது என்கிறார்களாம். பூத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது புதிதாக இல்லை.

ஆகவே பெற்றவர்களோடும் தனியாக இருக்கிற பெரியவர்களோடும் பேசும்போது, "வச்சிடவா" என்று அவர்கள் கேட்டதும் "சரி" சொல்லாதீர்கள். "ம்... வேற என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நாமே நிரப்பக்கூடாது. நாலைந்து வினாடி வெறுமனே இருந்தால் போதும், சொல்ல ஏதாவது இருந்தால் வந்துவிடும். பிறகு அவர்கள் வைக்கும்வரை நாம் வைக்காமல் இருப்பது. அவசரத்தில் இருக்கிறோம் என்றால் முடிவில் அவசரப்படுவதைவிட முதலிலேயே சொல்லிவிடலாம்: "பஸ்ஸுக்கு நிக்கிறேன், அஞ்சு நிமிஷம் இருக்கு, முக்கியமானதைச் சொல்லும்மா." இப்படிச் சொன்னால் அவர்களே அந்தக் கடைசி விஷயத்தை முன்னால் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

துக்கம் கேட்கிற அழைப்பை முடிப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம். சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை, எழுந்து நடந்துவிடலாம். போனில் அப்படி எழுந்துபோக வழியில்லை. "சரி, அப்புறம் பேசுறேன்" என்பதும் ஒட்டாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "பிள்ளைகளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சோடு நிறுத்துவார்கள். வைக்கிறேன் என்ற சொல்லே வராது. அந்தப் பக்கம் ஒரு "ம்" வந்ததும் வைத்துவிடுவார்கள். இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை.

அலுவல் அழைப்பை முடிக்கும்போது பெருமூச்சு வேண்டாம், விவரம் வேண்டும். "நாளான்னிக்கு" என்று முடிக்காமல் கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறுபத்தஞ்சும் எழுபத்தஞ்சும் போனில் ஒன்றுபோலக் கேட்கும், ஆறு, அஞ்சு என்று தனித்தனியாகச் சொன்னால் குழப்பமில்லை. யாரிடம் பேசினோம் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கடைசியாக, திரையைப் பார்த்து அழைப்பு நிஜமாகவே முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் டாக்டர்களைப் பற்றி மேசையில் கிடந்த போன்கள் வழியாக நான் கேட்டிருப்பதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

இத்தனை சொன்ன நானே, மரியாதையே இல்லாமல் வைத்துவிட வேண்டிய அழைப்பும் உண்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்களை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம், லைனைத் துண்டிக்கக்கூடாது என்று போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிராளி ஒப்புக்கொள்ளாமல் போனை வைக்கத் தெரியாத நம் பழக்கமும் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் கவுன்டருக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். காதிலிருந்து போனை எடுக்காமலே, டோக்கன் வேண்டும் என்று ஒரு விரலைக் காட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆதார், வங்கிக் கணக்கு என்று அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "டீச்சர், வைங்க" என்று சைகை காட்டினேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "பேசிக்கிட்டே இருக்காரும்மா, நடுவுல எப்படி வைக்கிறது?" நான் எட்டி அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பத்து வினாடிகூட ஆகவில்லை, மறுபடி அடித்தது. டீச்சர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்து, வைக்கிறேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வாங்கி அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, டோக்கனைக் கையில் கொடுத்தேன்.